படகு இறங்காத நாள்

இழுப்பறையில் கண்ணாடியைத் தேடும்போது லீனா நினைவாகக் கொடுத்துப்போன சேற்றுக் குப்பி கையில் பட்டது. மூடியைத் திறந்தேன். சேறு காய்ந்து உதிர்ந்திருந்தது. கத்திவாக்கம் கழிமுகத்தின் வாடை மட்டும் போகவில்லை. நீ இறந்து இரண்டு ஆடி ஆகிவிட்டது.

லீனாவை மறந்திருக்க மாட்டாய். ஜெர்மனியிலிருந்து அந்தச் சேற்றை ஆராய வந்த மாணவி. அவளுக்குப் படகு ஓட்டியவன் நீ. பதினைந்து நாளுக்கு ஒருமுறை, நீர் நன்றாக வற்றும் நாளில், அதே மூன்று இடங்களில் சேறு எடுக்க வேண்டும். ஒன்று தவறினாலும் அந்தப் பருவத்து உழைப்பு வீண். நாள் குறித்துக் கொடுத்தது நான். அரசு விடுமுறைப் பட்டியலை இரண்டு முறை சரிபார்த்தேன். உங்கள் குப்பத்து அம்மன் திருவிழா எந்தப் பட்டியலில் இருக்கும்? இத்தனை வருட நிருபன், கரையில் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நாங்கள் வந்தபோது உன் கையில் காப்பு. அதைக் கட்டிவிட்டால் விழா முடியும்வரை யாரும் படகு இறக்குவதில்லை.

"இன்னா மாமு, பேப்பர்காரன் நீ, உனுக்கே சேதி தெரியாதா?" என்று சிரித்தாய்.

நான் அசடு வழிந்துகொண்டிருந்த நேரத்தில் அவள் குப்பிகளோடு தனியாகச் சேற்றில் இறங்கிவிட்டாள். உன் மனைவிதான் முதலில் பார்த்தாள். "யோவ், அந்தப் பொண்ணு பொதைஞ்சிகினு கீதுய்யா!"

இடுப்பளவு நீரில் அசையாமல் நின்றாள். நீர் ஏறத் தொடங்கியிருந்தது. பக்கத்திலேயே தூர்வாரிய குழிகள்.

நான் உன் படகைப் பார்த்தேன். நீ காப்பைப் பார்த்தாய்.

"படகத்தான எறக்கக் கூடாது? நான் எறங்கறேன்."

நேராகப் போகவில்லை நீ. கையால் இறால் தடவப் போகிறவன்போல் காலால் தரையைத் தடவித் தடவி, வளைந்து வளைந்து போனாய். அதற்குள் நீர் அவள் மார்புக்கு வந்துவிட்டது. தோளில் சாய்த்து நீ அவளைக் கொண்டுவந்தபோதும் மூன்றாவது குப்பி அவள் பிடியில் இருந்தது.

"உசுர வுட்டாலும் வுடும், பாட்டில வுடாது நைனா இது," என்றாய். பிறகு என் பக்கம் திரும்பி, சிரிக்காமல்: "இனிமே தேதி போடறதுக்கு மின்னாடி எங்களாண்ட கேளு."

இன்று காலை இன்னொரு மாணவனின் மின்னஞ்சல். வரும் ஆடியில், அதே மூன்று இடங்கள். நாள் குறித்துத் தரச் சொல்கிறான். பதிலைப் பாதியில் நிறுத்தி வைத்திருக்கிறேன். நாளை கத்திவாக்கம் போவேன். காப்பு என்றைக்கு என்று உன் மனைவியிடம் கேட்டுவிடலாம். குழிகள் எங்கெங்கே என்பது உன் காலுக்குத்தான் தெரியும். அதை உன்னிடம் நான் கேட்டு எழுதிவைக்கவே இல்லை.