அண்ணன் காதில் இன்னொரு குரல்

மார்ச் 3, செவ்வாய்
நான்காம் பாகத்தின் பாதியில் இருக்கிறோம். கண் அழுத்த நோய் அண்ணனின் பார்வையை முழுசாக எடுத்துக்கொண்ட பிறகு, நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்திலிருந்து வந்து முகம் கழுவியதும் அவனுக்கு உரக்க வாசிப்பது வழக்கமாகிவிட்டது. விண்கப்பல் கதைகள்தான். சின்ன வயதில் ஒரே புத்தகத்துக்கு முடியைப் பிடித்து இழுத்துக்கொண்டவர்கள் நாங்கள். இந்தத் தொடரில் வரும் பொய் சொல்லும் ரோபோவுக்கு ‘ஏழரை’ என்று பெயர் வைத்திருக்கிறோம். அது வாயைத் திறந்தால் கப்பலுக்கு ஏதாவது வந்து சேரும். அதற்கு நான் போடும் கீச்சுக் குரலைக் கேட்டு இன்றைக்கும் அண்ணனுக்குப் புரையேறிற்று.

மார்ச் 7, சனி
அண்ணனோடு வேலை பார்ப்பவர் அவன் போனில் ஒலிப்புத்தகச் செயலி ஒன்றைப் போட்டுக் கொடுத்திருக்கிறார். எங்கள் தொடர் முழுக்க அதில் இருக்கிறதாம்.
“இனிமே நீ தொண்டை கிழியக் கத்த வேணாம்டி” என்றான். அண்ணி வேறு, “அப்பாடா, உனக்கும் கொஞ்சம் ஓய்வு” என்றாள்.
நான் எப்போது ஓய்வு கேட்டேன்?

மார்ச் 12, வியாழன்
அந்த ஆள், அதான் வாசிப்பவர், நன்றாகத்தான் வாசிக்கிறார். அதுதான் எரிச்சல். நான் திக்கித் திணறும் கோள்களின் பெயர்களெல்லாம் அவர் வாயில் வழுக்கிக்கொண்டு போகின்றன. ஏழரைக்குக் கீச்சுக் குரலே கிடையாது. தாழ்ந்த, அன்பான குரல்.
“இப்படித்தான் இருக்கணும். பொய் சொல்றவன் கீச்சுனா பேசுவான்?” என்கிறான் அண்ணன்.
இத்தனை நாள் சிரித்தது?

மார்ச் 13
கதவைத் தட்டினேன். காதில் மாட்டியிருந்தான். கேட்கவில்லை.

மார்ச் 16, திங்கள்
ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்கிறானாம். ஐந்தாம் பாகம் முடியப் போகிறது. நான் வாசித்தால் நடுவில் தண்ணீர் குடிப்பேன். இயற்பியல் இடிக்கிறது என்று அவன் நிறுத்துவான், நான் கதாசிரியருக்கு வக்காலத்து வாங்குவேன், பத்துப் பக்கம் தாண்டாது. அதெல்லாம் அவனுக்கு வேகத்தடையா?
இன்று ஒரு ரத்த மாதிரிக் குழாயில் பெயர் ஒட்ட மறந்தேன். “யார் மேல கோவம்?” என்று மேற்பார்வையாளர் அக்கா கேட்டாள். என்ன சொல்ல? முகம்கூடத் தெரியாத ஒரு தொண்டை மேல் என்றா?

மார்ச் 18
சாப்பாட்டு இடைவேளையில், பேருந்தில், குளியலறையில்கூட ஆறாம், ஏழாம் பாகங்களைப் படிக்கிறேன். அவனுக்கு முன்னால் முடிக்க வேண்டும். ஏன்? தெரியாது. முடிக்கணும்.

மார்ச் 21, சனி
சொல்லித் தொலைச்சிட்டேன்.
சாப்பிடும்போது அண்ணியிடம் அளந்துகொண்டிருந்தான். “கேப்டன் அழற இடத்துல அந்த ஆளு குரலை உடைச்சார் பாரு! அடுத்து அவ என்ன பண்ணப் போறாளோ!”
“ஒண்ணும் பண்ண மாட்டா. அவ மூணாம் பாகத்துலயே செத்துட்டா. இப்பப் பேசறது அவளோட நகல். ஏழரை செஞ்சு வெச்சது.”
அண்ணியின் கரண்டி அப்படியே நின்றது. அண்ணன் தட்டைத் தள்ளினான். கத்தியிருந்தால் தேவலை.
“அடுத்து என்ன வரும்னு தெரியலேன்னா இப்பல்லாம் எனக்குப் பயம்தான். நடந்தா பயம், தெருவுல இறங்கினா பயம். கதையில மட்டும்தான் அது ஆசையா இருந்துச்சு. அதையும் கெடுத்துட்டியே.”
பாவி நான்.

மார்ச் 22
அவன் அறைக் கதவு வரைக்கும் போய்த் திரும்பினேன்.

மார்ச் 29, ஞாயிறு
அவன் அறைக்குப் போய் நின்றேன்.
“பொறாமைண்ணா.”
“யார் மேல?”
“வாசிக்கிறவர் மேல.”
சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.
“நீ வாசிச்சது எனக்குப் பிடிக்கலேன்னு யார் சொன்னா? ஆனா நீ வர்ற வரைக்கும் வாசக்கதவு சத்தத்துக்கே காதைக் குடுத்து உக்காந்திருப்பேன். பஸ் வரலேன்னா கதை கிடையாது. உனக்குக் காய்ச்சல்னா கதை கிடையாது. இப்ப நானே போடறேன், நானே நிறுத்தறேன். அது எவ்வளவு பெருசுன்னு உனக்குத் தெரியாதா?”
தெரிந்திருக்கவில்லை. அவனுக்கு நான் வாசித்தது மட்டும்தான் எனக்குத் தெரியும். அவன் காத்திருந்தது தெரியாது.

ஏப்ரல் 4, சனி
அந்தத் தொடரை அப்படியே விட்டுவிட்டான். இப்போது வேறொன்று, கடலடியில் எண்களால் பேசிக்கொள்ளும் உயிர்களைப் பற்றி. நான் படிக்காதது. “யார் வாசிக்கறா?” என்றேன். அதே ஆள்தானாம். சுருக்கென்றது. சீக்கிரம் போகிற நோயா இது!

ஏப்ரல் 19, ஞாயிறு
நூலகத்திலிருந்து எனக்கென்று ஒரு புத்தகம் எடுத்துவந்தேன். செவ்வாய்க் கோளில் நடக்கும் கொலை வழக்கு. யாருக்காகவும் இல்லாமல், போட்டிக்கும் இல்லாமல், உதடு அசையாமல் வாசித்து எவ்வளவு காலமாயிற்று! கண் தன் போக்கில் ஓடியது. மதியம் முழுக்க எதிர் நாற்காலியில் அண்ணன் அவன் கடலுக்குள் இருந்தான். திடீரென்று தோள் குலுங்கச் சிரித்தான்.
எதற்கு என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது.
பக்கத்தைத் திருப்பினேன்.