புதுப்பிக்க இயலாது

மார்ச் 9

அன்புள்ளவருக்கு,

நலம். நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசினால் இரண்டாவது நிமிடமே சண்டையில் போய் நிற்கிறது, இனி எழுதியே பேசிக்கொள்வோம் என்று நீங்கள் சொன்னது நல்லதாகப் போயிற்று. இன்றைக்குப் பேசியிருந்தால் கத்தியிருப்பேன்.

காலையில் லேபில் மேனேஜர் கூப்பிட்டார். வீடு வீடாகப் போய் ரத்தம் எடுக்கிற எங்கள் எல்லோருடைய வண்டி இன்சூரன்ஸ் நகலையும் வருஷத்துக்கு ஒரு தடவை வாங்கி வைப்பார்கள். "உங்களோடது மட்டும் இன்னும் பழசே இருக்கும்மா" என்றார். அது தானாகவே புதுப்பிக்கப்பட்டிருக்கும், இதோ அனுப்பச் சொல்கிறேன் என்று பெரிய மனுஷி மாதிரி சொல்லிவிட்டு கம்பெனிக்குப் போன் போட்டேன்.

"மேடம், இந்த பாலிசியை இனிமே புதுப்பிக்கிறதில்லைன்னு ரெண்டு மாசம் முன்னாடியே லெட்டர் போட்டாச்சே."

"எனக்கு ஒண்ணும் வரலையே. என்ன காரணம்?"

"பாலிசி யார் பேர்ல இருக்கோ அவங்ககிட்டதான் சொல்ல முடியும். நீங்க அவரா?"

நான் அவரா என்று கேட்கிறாள். "அவர் கப்பல்ல இருக்கார், நடுக்கடல்ல" என்றேன். "அப்ப கரைக்கு வந்ததும் பேசச் சொல்லுங்க" என்று வைத்துவிட்டாள்.

வண்டி உங்கள் பெயரில். பாலிசியும் உங்கள் பெயரில். கடிதமெல்லாம் உங்கள் கப்பல் கம்பெனி விலாசத்துக்கு. போன மாதக் கடைசியோடு எல்லாம் முடிந்திருக்கிறது. அது தெரியாமல் நான் இன்று காலை வரை ஓட்டியிருக்கிறேன். பயிற்சிக்கு வந்திருக்கும் பெண்ணைப் பக்கத்து சீட்டில் உட்கார வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் அந்தக் குறுக்குத் தெருவில். யார் மேலாவது இடித்திருந்தால்? இழுவை வண்டிக்குச் சொல்லி காரை வீட்டில் கொண்டுவந்து போட்டுவிட்டு, ரத்த மாதிரிகள் வைக்கிற ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன்.

அந்தக் கடிதம் உங்களுக்கு வந்ததா? குற்றம் சொல்லவில்லை. வந்ததா என்று மட்டும் எழுதுங்கள்.

உங்கள்
வாயாடி

மார்ச் 24

அன்புள்ள வாயாடிக்கு,

உன் கடிதம் நேற்று துறைமுகத்தில் கைக்கு வந்தது. என்ஜின் அறைச் சூட்டில் கைரேகையெல்லாம் அழிந்துபோன ஒரு ஃபிட்டருக்கு உன் கையெழுத்தைப் பார்த்தால்தான் தனக்கும் ஒரு வீடு இருக்கிறது என்று ஞாபகம் வருகிறது.

வந்தது. ஒப்புக்கொள்கிறேன். ஜனவரியிலேயே வந்தது. வருஷா வருஷம் வருகிற நோட்டீஸ்தானே என்று பிரிக்காமல் மெத்தைக்கு அடியில் செருகிவிட்டேன். உன் கடிதம் படித்தபிறகுதான் பிரித்தேன். ஒரே பத்தி. "தங்கள் காப்பீட்டைப் புதுப்பிக்க இயலாமைக்கு வருந்துகிறோம்." வருந்துகிறவன் காரணம் சொல்லவில்லை. என் மேல் நீ எவ்வளவு கோபப்பட்டாலும் தகும்.

எங்கள் இரண்டாம் அதிகாரிக்கு இந்த விவகாரமெல்லாம் அத்துப்படி. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். முதலில், வண்டியைத் தொடாதே. காரணத்தை எழுத்தில் கேள். தப்பான கிளைம் ஏதாவது நம் தலையில் ஏறியிருந்தால் திருத்தச் சொல்லலாம். என் சார்பில் நீ பேசலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். ஒரே கம்பெனியைக் கட்டிக்கொண்டு அழாமல் நாலு ஏஜென்டைப் பார். எங்கே போனாலும் 'உங்களை யாராவது மறுத்ததுண்டா' என்று கேட்பார்களாம். மறைக்கவே கூடாதாம். மறைத்தால் பின்னால் ஒரு கிளைம் என்று போய் நிற்கும்போது கையை விரித்துவிடுவார்கள்.

அதிருக்கட்டும். உனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் நான். கியர் மாற்றும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொள்வாயே! அப்படி எத்தனை தடவை இடித்தாய்? எனக்குத் தெரிந்து ஒன்றுதான்.

பத்திரமாக இரு. நேரத்துக்குச் சாப்பிடு.

உன்னவன்

ஏப்ரல் 6

அன்புள்ளவருக்கு,

கடிதமும் கையெழுத்துத் தாளும் கிடைத்தன. மறுநாளே கம்பெனிக்குப் போனேன். காரணம் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஒன்றரை வருஷத்தில் மூன்று கிளைம். தப்பாக ஏறியது ஒன்றுமில்லை, மூன்றும் வண்டி என் கையில் இருந்தபோது நடந்ததுதான்.

முதலாவது உங்களுக்குத் தெரியும், கடைத்தெருவில் நிறுத்தியிருந்த வண்டியை எவனோ உரசிவிட்டுப் போனது.

இரண்டாவது ஆஸ்பத்திரி கேட். அதையும் நான் எழுதினேன். மாமாவுக்கு மூச்சு இழுத்த அன்று. பின்சீட்டில் படுக்கவைத்தால் மூச்சு இன்னும் முட்டியது, அதனால் முன்சீட்டைச் சாய்த்து உட்காரவைத்து, ஒரு கையால் அவர் நெஞ்சைத் தாங்கிக்கொண்டு ஒரு கையால் ஓட்டினேன். கேட் தூணில் பக்கவாட்டு முழுக்க இழுத்துக்கொண்டு போய்விட்டது. நான் பதறி நிறுத்தினேன். "கேட்டு கெடக்குதும்மா, நீ உள்ள போ" என்றார். அவர் கடைசியாக நீளமாகப் பேசியது அதுதான். இதையெல்லாம் உங்களுக்கு எழுதியிருந்தேன். நீங்கள் அப்பாவை நினைத்து அழுது எழுதினீர்கள், கடைசி வரியில் பம்பர் மாற்றியாயிற்றா என்று கேட்டிருந்தீர்கள். அதனால் உங்களுக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன்.

மூன்றாவது போன செப்டம்பரில். மழை. விடிந்ததிலிருந்து ஊசியும் குழாயுமாக அலைந்துவிட்டு, மாமாவுக்கு வாடகைக்கு எடுத்திருந்த ஆக்ஸிஜன் சிலிண்டரைத் திருப்பிக் கொடுக்கப் போய்க்கொண்டிருந்தேன். கண் அசந்ததா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. பார்சல் கொடுக்கிற ஒருவருடைய பைக் என் வண்டி மூக்கில் மாட்டியது. தோள்பட்டை எலும்பு முறிவு. ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். அவர் மனைவி என்னைத் திட்டவில்லை. "உங்க இன்சூரன்ஸ் எல்லாம் பாத்துக்குதாம், நீங்க போய் ரெஸ்ட் எடுங்க" என்றாள். அதற்குத் திட்டியிருக்கலாம். நீங்கள் அப்போது எந்தக் கடலில் இருந்தீர்களோ, எழுத மனம் வரவில்லை.

இனி ஏஜென்டுகள் கதை. முதல் ஆள் 'மறுத்துட்டாங்க' என்ற வார்த்தையைக் கேட்டதும் கணினியை மூடிவிட்டார். இரண்டாவது ஆள் குழைந்தார். "மறுத்ததை ஏன் சொல்றீங்க? உங்க அண்ணன் ஓட்டற மாதிரி காட்டிடலாம், யார் வந்து பாக்கப் போறா?" எனக்கு அந்த பைக்காரர் படுத்திருந்த ஆஸ்பத்திரிக் கட்டில் கண்ணில் நின்றது. நாளைக்கு இன்னொருவர் என் வண்டியில் விழுந்தால் அவருக்கு யார் பார்ப்பார்கள்? எழுந்து வந்துவிட்டேன்.

மூன்றாவது, ஊன்றுகோல் வைத்திருக்கிற ஒரு அம்மா. முழுசாகக் கேட்டார். "வண்டிக்காரர் ஒருத்தர், ஓட்டறவங்க ஒருத்தர். பாலிசில அவர்தான் தினமும் ஓட்டறார்னு இருக்கு, அவரோ கப்பல்ல. இது முதல்லேர்ந்தே கோணல்மா" என்றார். மறுக்கப்பட்டவர்களையும் எடுத்துக்கொள்கிற சின்னக் கம்பெனி ஒன்று இருக்கிறதாம். மூன்று கிளைமையும் மறுத்ததையும் ஒளிக்காமல் எழுதினால் எடுத்துக்கொள்வார்கள். ஆனால் வண்டி, ஓட்டுகிறவர் பெயரிலேயே இருக்க வேண்டும்.

அதனால் பெயர் மாற்றும் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். குறி போட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். லேபில் இந்த மாதக் கடைசிவரை பொறுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். நேற்று பஸ் நெரிசலில் பெட்டி கவிழ்ந்து, நரம்பே கிடைக்காத ஒரு சின்னப் பெண்ணுக்கு இன்று மறுபடி குத்த வேண்டியதாயிற்று. அவள் அழவில்லை. "நேத்து எடுத்தீங்களே ஆன்ட்டி?" என்று கேட்டாள்.

சீக்கிரம் அனுப்புங்கள்.

உங்கள்
வாயாடி

ஏப்ரல் 27

அன்புள்ள வாயாடிக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அப்பா கேட்டைப் பற்றிச் சொன்னதை நீ முன்பே எழுதியிருந்தாய் என்கிறாய். என் பெட்டியில் தேடினேன், இருக்கிறது. அன்று எந்தக் கண்ணால் படித்தேனோ.

தாளைப் பற்றி. கோபித்துக்கொள்ளாதே. அந்த வண்டி என் முதல் ஒப்பந்தம் முடித்து வந்து வாங்கியது. நீயும் நானும் அப்பாவும் அதில் ஏறி, எங்கே போவதென்று தெரியாமல் ஊரைச் சுற்றிச் சுற்றி வந்தோமே. வீட்டு வாடகை ஒப்பந்தம் உன் பெயரில். கரன்ட், தண்ணீர், எல்லாம் உன் பெயரில். அங்கே என் பெயரில் இருப்பது அந்த ஒரு வண்டிதான். அதையும் மாற்றிவிட்டால் நான் வந்து நிற்கும்போது விருந்தாளி மாதிரி ஆகிவிடுமோ என்று தோன்றுகிறது. சிரிக்காதே. கடலில் இருக்கிறவனுக்கு இப்படித்தான் புத்தி போகும்.

இப்படிச் செய்வோம். ஜூலையில் இறங்குகிறேன். வந்து நேரில் பேசி முடிவு செய்யலாம். அதுவரை அந்த இரண்டாவது ஏஜென்ட் சொன்னபடி உன் அண்ணன் பெயரைப் போட்டுச் சமாளிக்க முடியாதா? மறைக்காதே என்று நான்தான் எழுதினேன், இல்லையென்று சொல்லவில்லை. கொஞ்ச காலத்துக்குத்தானே. இல்லையென்றால் லேபில் கேட்டு உட்கார்ந்து பார்க்கிற வேலை வாங்கிக்கொள். அலைச்சலும் குறையும்.

தாள் என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

உன்னவன்

மே 18

அன்புள்ளவருக்கு,

உங்கள் கடிதம் வருவதற்குள் மாதம் முடிந்துவிட்டது. சொன்னபடியே லேபில் என்னை வீட்டு ரவுண்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். கீழ்த்தளத்தில் மற்றவர்கள் கொண்டுவரும் குழாய்களுக்குச் சீட்டு ஒட்டும் வேலை. நீங்கள் சொன்ன உட்கார்ந்து பார்க்கிற வேலைதான். ஜன்னல் கிடையாது. இரண்டு வாரம் ஒட்டினேன்.

பிறகு ஒரு சின்ன வண்டி வாங்கினேன். லேபில் ஓய்வு பெற்றுப் போகிற டிரைவருடையது. கதவைத் தூக்கிச் சாத்தினால்தான் மூடும். என் பெயருக்கு மாற்றி, ஊன்றுகோல் அம்மா சொன்ன கம்பெனியில் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். கடைத்தெரு, கேட், மழை, மறுத்தது எல்லாம். எடுத்துக்கொண்டார்கள். ஒரு வருஷம் இடிக்காமல் ஓட்டினால் அடுத்த வருஷம் நல்லபடியாகப் பார்ப்பார்களாம். வேறு யாரெல்லாம் ஓட்டுவார்கள் என்று அந்த அம்மா கேட்டார். யோசித்துவிட்டு, யாரும் இல்லை என்றேன்.

உங்கள் வண்டி உங்கள் பெயரிலேயே இருக்கிறது. உறை போட்டு மூடி, பேட்டரியைக் கழற்றி வைத்திருக்கிறேன். அதற்கு இன்சூரன்ஸ் இல்லை, வந்த ஆசையில் வெளியே எடுத்துவிடாதீர்கள்.

லேபுக்குப் பக்கத்தில் ஒரு அறை பார்த்துக்கொண்டு போகிறேன். வீட்டு வாடகையை ஆகஸ்ட் வரை கொடுத்துவிட்டேன். மாமாவின் மூக்குக்கண்ணாடி, உங்கள் சான்றிதழ்கள் எல்லாம் பீரோவில் மேல்தட்டில். வீட்டுச் சாவி, வண்டிச் சாவி இரண்டும் எதிர்வீட்டு டீச்சரிடம்.

உங்கள் மேல் கோபமில்லை. கோபமாயிருந்த காலத்தில் எழுதிக்கொண்டுதான் இருந்தேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
நான்

ஆகஸ்ட் 2

அன்புள்ள வாயாடிக்கு,

லேப் விலாசத்துக்கு எழுதுகிறேன். அறை விலாசத்தை டீச்சரிடம் கேட்கவில்லை, கேட்டிருந்தால் அவர் சங்கடப்பட்டிருப்பார்.

வந்து நாலு நாளாகிறது. ஃப்ரிட்ஜைத் துடைத்து, கதவு மூடிக்கொள்ளாமல் ஒரு துண்டு செருகி வைத்துவிட்டுப் போயிருக்கிறாய். அதைப் பார்த்துக்கொண்டு சமையலறையில் வெகுநேரம் நின்றேன்.

வண்டிக்காக நானும் ஏறி இறங்கினேன். முதல் கேள்வியே "உங்களை யாராச்சும் மறுத்திருக்காங்களா சார்?" ஆமாம் என்றேன். உடனே கணினியை மூடினார்கள். இதை நீ எத்தனை இடத்தில் பார்த்திருப்பாய். கடைசியில் ஊன்றுகோல் அம்மாவிடமே போனேன். என்னை யாரென்று அவர் கண்டுகொண்டார், காட்டிக்கொள்ளவில்லை. "வாங்கித் தரலாம் சார். யார் ஓட்டப் போறது?" என்றார். அக்டோபரில் மறுபடி கப்பல். "விசாரிச்சிட்டு வரேன்" என்று உளறிவிட்டு வந்தேன். யாரிடம் விசாரிக்க?

வண்டியை விற்கச் சொல்லிவிட்டேன்.

உன்னிடம் நேரில் பேசத்தான் நேற்று லேபுக்கு வந்தேன். என்னென்ன சொல்வதென்று பஸ்ஸில் மனப்பாடம் செய்துகொண்டே வந்தேன். எதிர்சாரியில் நிற்கும்போது நீ பெட்டியோடு வெளியே வந்தாய். இளைத்திருக்கிறாய். பெட்டியைப் பின்சீட்டில் வைத்து பெல்ட் மாட்டினாய், குழந்தைக்கு மாட்டுகிற மாதிரி. கதவைத் தூக்கிச் சாத்தினாய். அந்தத் திருப்பத்தில் வலது பார்த்து, இடது பார்த்து, மறுபடி வலது பார்த்து, எவ்வளவு நேரம் காத்திருந்தாய் தெரியுமா! பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான். நீ அசையவில்லை. கண்ணையும் மூடவில்லை. இவ்வளவு நிதானமாக யாரும் ஓட்டி நான் பார்த்ததில்லை.

என்னைக் கடந்துதான் போனாய். நான் கை காட்டவில்லை. காட்டியிருந்தால் நீ சட்டென்று பிரேக் போட்டிருப்பாய். உன் பின்னால் வரிசையாக வண்டிகள் வந்துகொண்டிருந்தன.

உன்னவன்