சீவாத மரம்

புக்கிட் காத்தில், மலாக்கா
3 மார்ச் 2025

பேரன்பிற்குரிய தம்பி சுகுமாரனுக்கு,

உன் தமக்கை பவானேஸ்வரி வரையும் மடல். நீயும் உன் இல்லாள் குஞ்சம்மாவும் நலமாக வாழ மாரியம்மனை வேண்டுகிறேன். இங்கு என் உடலுக்குக் குறைவொன்றுமில்லை. மனத்தைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். தொலைபேசியில் பேசினால் என் குரல் உயர்ந்துவிடுகிறது, நீயும் வைத்துவிடுகிறாய். தாளில் என் குரல் உயராது. ஆகவே இறுதிவரை படிப்பாயாக.

என் பட்டறையின் நிலை நீ அறியாததன்று. உணவுக்கடைகளுக்குக் காகிதப் பெட்டிகளும் மரக்கரண்டிகளும் செய்து, போலிஸ்திரின் நுரைப்பெட்டிகளுக்குத் தடை வந்த நாளில் ஓங்கி வளர்ந்தோம். இன்று வெளிநாட்டுச் சரக்கு எங்களைவிட மலிவாக வந்து குவிகிறது. அனுசியாவும் மற்றப் பெண்களும் பாதிப் பொழுது கைகட்டி அமர்ந்திருக்கிறார்கள். திறந்திருப்பது ஒரே வாசல். கடற்கரை விடுதிக் குழுமம் ஒன்று தன் உணவகங்கள் அனைத்திற்கும் என் பொருள்களை எடுத்துக்கொள்ள இசைந்துள்ளது. மரம் எங்கே வளர்ந்தது, காட்டையோ மக்களையோ கெடுக்காமல் வெட்டப்பட்டதா என்பதற்குச் சான்றிதழ் கேட்கிறார்கள். காகிதத்திற்கு அது கிடைத்துவிட்டது. மரத்திற்கு இன்னும் இல்லை.

உங்கள் தோட்டத்து ஆற்றோர ரப்பர் மரங்கள் பால் வற்றிவிட்டபடியால் மறுநடவுக்காக வெட்டப்பட இருக்கின்றன. அவற்றை எனக்குத் தர நிர்வாகம் ஒப்புக்கொண்டுள்ளது. வெளுத்த மரம், வாசனையற்றது, வாயில் வைக்க உகந்தது. சான்றிதழ் அதிகாரி இம்மாத நடுவில் நேரில் வருவார். கோயில் தலைவர் என்ற முறையில் உன்னைத்தான் கேட்பார்: வெட்டும் பகுதியில் உங்கள் மக்களின் கல்லறையோ புனித இடமோ உண்டா என்று. உண்டு என்றால் அப்பகுதிக்கு இவ்வாண்டு சான்றிதழ் இல்லை. விடுதியார் அடுத்த ஆண்டுவரை காத்திருக்கமாட்டார்கள்.

இல்லை என்று சொல்வாயாக. நான் வேண்டுவது அந்த ஒரு சொல்.

அந்த இடத்தை நான் மறந்துவிட்டதாக எண்ணாதே.

அன்புத் தமக்கை,
பவானேஸ்வரி


ஜாசின்
9 மார்ச்

அக்காவுக்கு,

கடிதம் கிடைச்சது. குஞ்சம்மா அதைப் பார்த்துட்டு, "கோயில் திருவிழா நோட்டீசா, உங்க அக்கா எழுதினதா?"ன்னு கேட்டா. உன் தமிழ் அப்படி லா. சிரிக்கத்தான் சொல்றேன், கோவிச்சுக்காதே.

"அந்த இடம்"னு எழுதியிருக்கே. ஆத்தோரம் ஆறாவது நிரை. எங்க பச்சைப்பிள்ளையை எரிக்கக் கூடாதுன்னு அங்கதான் புதைச்சேன். அப்ப அந்த நிரை பூரா கன்னு. பக்கத்துல நின்ன கன்னுதான் எங்களுக்கு அடையாளம். இத்தனை வருஷமா அந்த நிரையில நான்தான் பால் சீவினேன். அந்த மரத்துல மட்டும் கத்தி வச்சதே இல்ல. மேற்பார்வை பாக்குற மண்டோர் கேட்டா, "அது பால் இல்லாத மரம், வுடுங்க"ன்னு சொல்லிடுவேன். குஞ்சம்மா வெள்ளிக்கிழமையானா அங்க விளக்கு ஏத்தி வச்சுட்டு வர்றா.

முகிலரசின்னு அவ காதுல மூணு தரம் சொன்னது நீதான். அத்தை முறைக்கு வெள்ளிக் காப்பு போட்டதும் நீதான். நான் உனக்கு என்னன்னு எழுதுறது?

ஜொகூர் பக்கம் மரம் கிடைக்காதா? கேட்டுப் பாரேன்.

குஞ்சம்மாகிட்ட நான் எதுவும் சொல்லல.

தம்பி,
சுகுமாரன்


புக்கிட் காத்தில்
13 மார்ச்

அன்புத் தம்பிக்கு,

உன் மடலைப் பலமுறை படித்தேன். ஜொகூர் மரத்தைப் பெரிய பட்டறைகள் முன்னரே எடுத்துக்கொண்டன. கேட்காமலா உன்னிடம் வந்து நிற்பேன்?

சற்றே எண்ணிப் பார். வெட்டப்போவது நிர்வாகம், நானல்லேன். நான் வாங்காவிடில் அம்மரங்கள் விறகாகச் சூளைக்குப் போகும். விறகு வாங்குகிறவன் எந்த அதிகாரியையும் அனுப்பமாட்டான். உன்னை ஒரு சொல்லும் கேட்கமாட்டான். இரண்டிலும் மரம் விழத்தான் போகிறது. மரம் வேறு, மண் வேறு தம்பி. மண் அங்கேயே இருக்கும்.

நேற்று அனுசியா ஓடாத இயந்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். காலையில்தானே துடைத்தாய் என்றேன். "சும்மா உக்காந்திருந்தா பயமா இருக்கு அக்கா" என்றாள்.

ஆறாம் வகுப்போடு பால் வாளி தூக்கப் போனவள் நான். அகராதியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தமிழ் கற்றேன். கணக்கும் ஆங்கிலமும் நானே கற்றேன். இந்த ஊரில் என்னை "அம்மையார்" என்று அழைக்க வைத்தது அந்தப் பட்டறை ஒன்றுதான். அதன் கதவை இழுத்துப் பூட்டிய மறுநாள் நான் யார் என்பது எனக்கே தெரியவில்லை.

தம்பியின் காலில் அக்காள் விழுதல் முறையன்று. முறை தவறி விழுகிறேன்.

பவானேஸ்வரி


ஜாசின்
20 மார்ச்

அக்காவுக்கு,

நேத்து அதிகாரி வந்தாங்க. சின்னப் பொண்ணு, மலாய்க்காரி. கோயில் வாசல்லயே செருப்பைக் கழட்டிட்டுத்தான் உள்ள வந்துச்சு. "பாக்சிக், ஆத்தோரப் பக்கம் உங்க ஆளுங்க கல்லறை, சாமி இடம் ஏதாவது இருக்கா?"ன்னு மாமா முறை வச்சு மலாய்ல கேட்டுச்சு. இல்லைன்னேன். "நிச்சயமா? இருந்தா சொல்லுங்க, அதைக் காப்பாத்தத்தான் நாங்க வந்திருக்கோம்"னுச்சு. இல்லைன்னு மறுபடியும் சொன்னேன்.

குஞ்சம்மா அந்தப் பொண்ணுக்குத் தண்ணி எடுத்துக்கிட்டு வந்து பக்கத்துலதான் நின்னா. அவளுக்கு அப்பதான் விஷயமே தெரியும். செம்பைக் கீழ வச்சுட்டு வீட்டுக்குப் போயிட்டா. அதிலிருந்து என்கூடப் பேச்சில்ல.

உனக்கு மரம் வரும்.

சுகுமாரன்


புக்கிட் காத்தில்
28 ஏப்ரல்

என் உயிரனைய தம்பிக்கு,

சான்றிதழ் கிட்டியது. மரங்கள் வந்து இறங்கத் தொடங்கிவிட்டன. விடுதியாரின் முதல் அனுப்புகைக்குப் பெண்கள் அனைவரும் மும்முரமாக உழைக்கிறார்கள். நீ செய்த நன்றிக்குச் சொல் தேடி அகராதியைப் புரட்டினேன், எதுவும் போதவில்லை.

ஏப்ரல் தொடக்கத்தில் எழுதிய மடலுக்கு உன்னிடமிருந்து மறுமொழி இல்லை. கோபமெனில் திட்டியாவது எழுதலாகாதா? லாரிக்கார மணியத்திடம் குஞ்சம்மாவுக்கு ஒரு சேலை கொடுத்து அனுப்பியுள்ளேன். அவளுக்குப் பிடித்த மாம்பழ நிறம்.

பவானேஸ்வரி


புக்கிட் காத்தில்
16 மே

தம்பி,

சேலை பிரிக்கப்படாமலே மணியத்தின் லாரியில் திரும்பி வந்தது. அதைப் பற்றி எழுதவில்லை. வேறொன்றை எழுத வேண்டும்.

ரப்பர் மரத்தை வெட்டியவுடன் அறுக்காவிடில் நீலப் பூஞ்சணம் பாய்ந்து கெட்டுவிடும். ஆதலால் ஓய்வின்றி ஓட்டினோம். கட்டையைச் சுழலவிட்டு, கத்தியால் மெல்லிய ஏடாக உரித்து, அந்த ஏட்டிலிருந்து கரண்டி வெட்டுவோம். திங்கட்கிழமை முற்பகல் அனுசியா ஒரு கட்டையின் முன் நின்றுவிட்டாள். "அக்கா, இதைப் பாருங்களேன். எல்லாத்துலயும் சீவுன தழும்பு இருக்கு, இதுல ஒண்ணுகூட இல்ல. பட்டை எவ்வளவு வழவழன்னு இருக்கு!" என்றாள்.

எனக்குத் தெரிந்தது தம்பி. அந்தக் கணமே தெரிந்தது. தெரிந்தும், "பேசிக்கொண்டு நில்லாதே, ஏற்று" என்றேன்.

ஏடு வெண்மையாக உரிந்து வந்தது. நடுத்தண்டை நெருங்கியபோது கத்தி அலறி முறிந்தது. இயந்திரத்தை நிறுத்திப் பார்த்தேன். மரத்தின் நெஞ்சுக்குள் கறுத்த வெள்ளி. இரு முனையிலும் மீன்தலை. மலாக்காவில் தட்டானின் எதிரே நானே நின்று செய்வித்த காப்பு. கன்றாக இருந்தபோது நீங்கள் தண்டில் மாட்டியிருக்கிறீர்கள், என்னிடம் சொல்லவில்லை. மரம் பருக்கப் பருக்க அதன் முனைகள் விரிந்து கொடுத்திருக்கின்றன. மரம் அதை உடைக்காமல் தன்னுள் வைத்துக்கொண்டது.

முகிலரசி.

அவள் காதில் நான் சொன்ன பெயரை உனக்கு எழுதிய ஒரு மடலிலும் எழுதவில்லை. எழுதியிருந்தால் அதற்கு அடுத்த வரி எனக்கு வந்திராது. அதனால்தான் "அந்த இடம்" என்றேன், "மண்" என்றேன். கற்ற தமிழெல்லாம் அதற்குத்தான் உதவிற்று.

அன்று மாலையே அந்த அதிகாரிப் பெண்ணை அழைத்து உண்மையைச் சொன்னேன். தம்பியைப் பொய் சொல்ல வைத்தவள் நானே என்றேன். சான்றிதழ் போயிற்று. விடுதியார் விலகிக்கொண்டார்கள். செய்து அடுக்கிய கரண்டிகள் அடுக்கியபடியே இருக்கின்றன. பெண்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். அனுசியா போகும்போதும் இயந்திரத்தைத் துடைத்துவிட்டுத்தான் போனாள்.

எஞ்சிய கட்டையைக் காப்புடன் வெள்ளைத் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். இனி அதில் எந்தக் கத்தியும் படாது. வரும் வெள்ளிக்கிழமை மணியத்தின் லாரியில் எடுத்து வருவேன். நீங்கள் கதவைத் திறக்க வேண்டுமென்று கேட்கும் தகுதி எனக்கில்லை. வாசலில் இறக்கி வைத்துவிட்டுத் திரும்பிவிடுவேன்.

பவானேஸ்வரி


ஜாசின்
21 மே

அக்கா,

நேத்து மண்வாரி ஆத்தோரம் வந்துச்சு, வெட்டின மரத்து அடிமுண்டு எல்லாத்தையும் தோண்டி எடுக்க. அஞ்சாவது நிரை வரைக்கும் தோண்டிட்டான். நான் தூரத்துல நின்னு பார்த்துக்கிட்டிருந்தேன். ஆறாவதுக்கு வந்ததும் நிறுத்திட்டாங்க. அந்த அதிகாரிப் பொண்ணு ஆபீசுக்குப் போன் போட்டு, அந்த நிரையைத் தொடக் கூடாதுன்னு சொல்லிடுச்சாம். இப்ப சுத்தி சிவப்பு நாடா கட்டியிருக்கு. முண்டு அப்படியே இருக்கு.

வீட்டுக்கு வந்து உன் கடிதத்தைக் குஞ்சம்மாவுக்குப் படிச்சேன். அவளுக்கு உன் தமிழ் பாதி புரியாது. பேரு வந்த இடத்துல நிறுத்தச் சொன்னா. திருப்பிப் படிக்கச் சொன்னா. படிச்சேன். இன்னொரு தரம்னா. படிச்சேன்.

அவ உன்கிட்ட எழுதச் சொன்னதை அப்படியே எழுதுறேன். சேலை வேணாமாம். விளக்குக்கு நல்லெண்ணெய் தீர்ந்துபோச்சாம், வெள்ளிக்கிழமை வரும்போது வாங்கிட்டு வரணுமாம்.

சுகுமாரன்