உப்பளத்து மாலைச் சங்கு

உப்பும் நெல்லும் குன்றாத வெண்கரை நாட்டை ஒரு குடைக்கீழ்ப் புரக்கும் அரசி நங்கை வேண்மாள் விடுக்கும் ஓலை. நெய்தலங்குடிச் சீமையின் தலைவர் விழுப்பரையர் காண்க. உம் சீமையின் கழிகள் வற்றாதிருக்க. அளத்தில் நிற்போர் கால்கள் புண்படாதிருக்க. உமக்கும் ஒரு வாழ்த்து வரைய வேண்டுமென்று ஓலை எழுதுவோன் நினைவூட்டினான். வேண்டாவென்று விலக்கினோம்.

கதிர் எழுந்து அடையும்வரை அளத்தில் உழைப்போர்க்குக் கூலி நெல் ஒரு குறுணியிற் குறையலாகாது என்று சென்ற தையில் ஆணையிட்டோம். எழுத்துப் பிசகாமல் நடக்கிறது என்று நீர் மகிழ்ந்து எழுதினீர். நடக்கும் அழகை அளத்துப் பெண் பூதி ஐந்து நாள் நடந்து வந்து எம் அவையில் உரைத்தாள். கதிர் அடையப் பனையளவு இருக்கையிலேயே சங்கூதி அனைவரையும் கரையேற்றுகிறார்களாம். நாள் முழுமையாகவில்லை என்று பழைய அரைக் குறுணியே அளக்கிறார்களாம். உச்சிப்பொழுதில் வார்த்துவந்த கூழையும், ஆணையில் அச்சொல் இல்லையென்று நிறுத்தினார்களாம். கூலியை உயர்த்துகிறேனென்று எங்கள் கூழைப் பறித்தீர்களே தாயே, அந்த ஆணையைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்று அவள் கேட்டபோது, முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று எமக்குத் தெரியவில்லை.

இப்பிழையில் எமக்கும் பங்குண்டு. அளத்தில் நாள் எங்கே முடிகிறதென்று அறியாமல் மாடத்திலிருந்து எழுதினோம். ஆனால் கூலிக்கு வரம்பு கட்டினால் ஏழைக்கே கேடு என்று நீர் எமக்குப் பாடம் எழுதியிருக்கிறீர்! இரண்டு பாத்தி வைத்துப் பிழைப்போரால் அவ்வளவு அளக்க இயலாது என்ற உம் சொல் மெய்யாகவே இருக்கலாம்; அவர்களுக்கு உப்பு வரியைத் தள்ளினோம். அச்சங்கை முதலில் ஊதியது எவருடைய அளம்? நானூறு பாத்தி கொண்ட உம்முடைய அளம். கேடு செய்தது ஆணையா, நீரா? சொல்ல நாக் கூசவில்லையா?

ஆகவே, அளத்தில் இறங்கினாலே அது முழு நாள். கூலி வேறு, கூழ் வேறு. இவ்வோலை கண்ட மறுநாள் தொட்டு ஒரு திங்கள் நீர் உம் அளத்தில் பூதியின் பக்கத்தில் நின்று உப்பு வாரக் கடவீர். அவளுக்கு அளப்பதே உமக்கும் உணவு. உம் மாளிகைச் சோறு வாயிற்படி தாண்டலாகாது. திங்கள் முடிவில், இவ்வாணை நன்றோ தீதோ என்று உம் கையாலேயே எழுதி அனுப்பும். அன்று உம் சொல்லைக் கேட்போம்; விலக்கிய வாழ்த்தையும் அன்று வரைவோம்.

இது நாரை முத்திரையிட்ட எம் ஆணை. அளத்துச் சங்கு இனிப் பூதியின் கையில் இருக்கும். அவள் ஊதும்வரை நீர் கரையேறலாகாது.