அதுவாக வரும் வீடியோக்கள்

செண்பகனூர்,
ஞாயிறு இரவு

அன்புள்ள செலினா அக்காவுக்கு,

உன் தங்கை லீமா எழுதுவது. ஹைதராபாத் சாப்பாடு உனக்கு ஒத்துக்கொண்டதா? இங்கே எல்லோரும் நலம் என்று எழுதக் கை வரவில்லை. அம்மாவின் போனிலிருந்து உன்னிடம் இதைப் பேச முடியாது. அதனால் எல்லோரும் தூங்கிய பிறகு எழுதுகிறேன்.

போன மாதம் மதுரையில் ஸ்கேன் எடுத்தார்களே, அம்மாவின் மார்பிலிருந்த புற்று ஈரலுக்கும் பரவிவிட்டது. டாக்டர் அப்பாவிடம் மட்டும் சொன்னாராம். ரிப்போர்ட் இங்கிலீஷில் இருந்ததால் அப்பா என்னைப் படிக்கச் சொன்னார். "அம்மாகிட்ட மூச்சு விடாத. செலினாவுக்கும் இப்ப வேணாம்" என்றார்.

யாரிடம் கேட்பது என்று தெரியாமல், நீ விட்டுப்போன, சிம் இல்லாத பழைய போனில், பக்கத்து காட்டேஜ் வைஃபையில் தினமும் தேடினேன். பரவினால் குணமாகுமா, கீமோ ஊசி இல்லாமல் வழி உண்டா, எவ்வளவு நாள் என்றெல்லாம். அம்மா போனுக்கும் இதற்கும் நீ ஒரே கூகுள் கணக்கைத்தான் போட்டிருக்கிறாய், இதில் தேடுவது அங்கேயும் போகும் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

இப்போது அம்மா போனில் அந்த மாதிரி வீடியோக்களாக வருகின்றன. ஊசி போட்டால் ஆளே போய்விடும், இலைச்சாறு குடித்தால் கட்டி கரையும் என்று ஒருவர் சிரித்துக்கொண்டே பேசுகிறார். "நான் ஒண்ணுமே கேக்கலடி, அதுவா வருது பாரு. மாதாதான் காட்டுறா" என்கிறாள் அம்மா. வேற சோலி இல்லையா, அவன் உன்னையத் தொட்டுப் பாத்தானா என்று அப்பா கத்தினார். அதற்கு அம்மா, "உங்க டாக்டர் கம்ப்யூட்டரப் பாத்துப் பேசுறாரு. இவரு என் மூஞ்சியப் பாத்துல்ல பேசுறாரு" என்றாள்.

மாதக் கடைசியில் போட வேண்டிய ஊசிக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். வெள்ளனே எழுந்து சாறு அரைக்கிறாள். குடித்ததும் வாந்தி எடுக்கிறாள். கெட்டதெல்லாம் வெளியே போகிறதாம்.

மாதா இல்லையம்மா, நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால், நீ எதுக்குடி அதையெல்லாம் தேடுன என்று கேட்பாள். நான் என்ன சொல்வேன்? தேடியதை எல்லாம் அழித்துப் பார்த்தேன். வீடியோக்கள் நிற்கவில்லை. இத்தனை மாதத்தில் இப்போதுதான் அவள் முகம் தெளிந்திருக்கிறது, அக்கா. அதைப் பார்க்கத்தான் எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது.

நீ சொன்னால் அம்மா கேட்பாள். வந்து மதுரைக்குக் கூட்டிப் போ. என்னை அடித்தாலும் பரவாயில்லை. எவ்வளவு நாள் என்று கேட்டதற்கு அந்தப் போன் காட்டியதை மட்டும் என்னிடம் கேட்காதே. கிறிஸ்துமஸுக்கென்று லீவு சேர்த்து வைக்கிறேன் என்றாயே, சேர்த்து வைக்காதே. இப்போதே எடுத்துக்கொண்டு வந்துவிடு.

உன் வரவை வேண்டிக்கொண்டிருக்கும்
லீமா