மூட்டுப் போடும் இடம்

22-10-96, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். மாட்டுக்கு வைத்திருந்த சோளத்தட்டு நனைந்துவிட்டது. என் வீட்டுக்காரர் செத்துப்போய் இன்றோடு நாற்பத்தோரு நாள். அவர் சட்டையில் கிரீஸ் கறை. துவைக்க மாட்டேன்.

காதர் பாய் வந்தார். தஞ்சாவூர்ப் பக்கம் எண்ணெய்க் கிணறு தோண்டுகிற ரிக்கில் என் வீட்டுக்காரரோடு வேலை செய்தவர். முறுக்குப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டே பேசினார்.

"முப்பதடிக் குழாய் அம்மணி. ஒவ்வொண்ணா தூக்கி மூட்டுப் போடோணும். அப்படிப் போடறப்பத்தான் நழுவி அவருமேல உழுந்துதுங்க."

வெளிநாட்டில் இப்போது குழாயை உருளையில் சுற்றிவைத்து, அவிழ்த்து அவிழ்த்து இறக்கித் துளைக்கிறார்களாம். நுனியில் மோட்டார். மூட்டே கிடையாது. போர்வெல்லுக்குள் விடுகிற கருப்பு ஓஸ் குழாய் மாதிரி, ஆனால் இரும்பு.

"இரும்பு சுருளுங்களா?"

"சுருளுது அம்மணி. நானே மொதல்ல நம்புல."

அப்படியென்றால் இவர் நின்ற இடத்தில் யாரும் நிற்கவே வேண்டாம். 

24-10-96, வியாழன்

மழை இல்லை. வாங்க வேண்டியது: உப்பு, தீப்பெட்டி, தவிடு.

கம்பெனி ஆபீசர் வந்தார். அவர் செத்ததைப் பற்றி எழுதிய ஒரு காகிதம், ஒரு மைப்பெட்டி. ரேகை வைக்க நேராகக் கட்டைவிரலைப் பிடிக்க வந்தார். அஞ்சாவது படித்தவள் நான். வாங்கி வாசித்தேன். 'நிற்கக் கூடாத இடத்தில் நின்றதால் இறந்தார்.'

உருளைக் குழாயைப் பற்றிக் கேட்டேன். சிரித்தார். "அது சின்னத் துளைக்குத்தாம்மா. வளைச்சு வளைச்சு சீக்கிரம் வீணாப்போகும். நம்ம கிணத்துக்கு ஒத்துவராது."

"செரீங்க, அது வேண்டாம். மூட்டுத்தான் வேணும்னா, போடற ஆளு எங்க நிக்கோணும்? அதச் சொல்லுங்க."

மாமனார், "அம்மணி, சும்மா இரு" என்றார். இருக்கவில்லை.

பக்கத்துச் சோளக்காட்டில் போர்வெல் மோட்டாரை மேலே எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதுவும் மூட்டுப் போட்ட இரும்புக் குழாய். ஆபீசரைக் கூட்டிப்போனேன். தொங்குகிற குழாயைக் கட்டிப்பிடித்து மூட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார் சின்னச்சாமி அண்ணன்.

"ஏனுங்கண்ணா, தள்ளி நின்னு கழட்டிக் காட்டுங்க."

"தள்ளி நிக்கறதுக்கு எனக்கென்ன தும்பிக்கையா இருக்குது?"

எல்லோரும் சிரித்தார்கள். ஆபீசர் செருப்பில் சேறு. நாளை வருவதாகச் சொல்லிக் காகிதத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். மைப்பெட்டியை மறந்துவிட்டார்.

25-10-96, வெள்ளி

நல்ல வெயில். காகிதத்தில் அந்த வரியைக் கோடு போட்டு அடித்தேன். மேலே எழுதினேன்: 'மூட்டுப் போடும் இடத்தில் நின்றார். நிறுத்தியது நீங்கள்.' கீழே கையெழுத்து. இரண்டு முறை பேனா நின்றது.

பதினோரு மணிக்கு ஆபீசர். வாசித்தார். "இப்படி எழுதினா செல்லாதும்மா."

"அப்ப நீங்க எழுதுனதும் செல்லாதுங்க."

மைப்பெட்டியைக் கையில் கொடுத்தேன். காகிதத்தைக் கொடுக்கவில்லை.