காட்டுமட்டம் ரோட்டின் சக்கரவர்த்தி

சேரம்பாடி,
4-7-1999

காட்டுமட்டம் ரோட்டின் ஏகச் சக்கரவர்த்தியும், அட்டைகளின் பரம வைரியும், உன் அம்மாவுக்கு ஒரே அண்ணனுமாகிய டக்ளஸ், கோயமுத்தூர் ஹாஸ்டல் சாம்பாரோடு அனுதினமும் போராடும் மருமகள் தபித்தாளுக்கு எழுதுவது.

கர்த்தர் கிருபையால் நான் சுகம். மழைதான் சுகமில்லை. பதினேழு நாளாக நிற்காமல் பெய்து அதற்கே சளி பிடித்துவிட்டது.

தொழில்முனைவோர் படிப்பு என்று எழுதியிருந்தாய். முதலாளி ஆவதற்கு ஒரு காலேஜா! எங்கள் காலத்தில் அந்தப் படிப்புக்கு ஒரே பாடம்தான் அம்மிணி. எவன் முதலில் அடிக்கிறானோ அவன் முதலாளி.

உங்கள் ஜானகி மேடம் ஆளுக்கொரு நிஜத் தொழில் நடத்திக் காட்டச் சொன்னதாகவும், நீ இங்கே சிறு விவசாயிகளின் பச்சைத் தேயிலையை நேரே ஃபேக்டரிக்கு ஏற்றப் போவதாகவும் எழுதி, காட்டுமட்டம் ரோடு யாருடைய லைன் என்று கேட்டிருக்கிறாய். யாருடையதா! இந்த மலையில் இலையை வாங்கி ஃபேக்டரிக்கு விற்க ரோட்டுக்கு ஒரு இலை ஏஜெண்ட், அதுதான் அவன் லைன். அவன் ரோட்டில் இன்னொருத்தன் வண்டி ஒரு சாக்கு இலையைத் தூக்கினால் எலும்பு மிஞ்சாது. எந்தக் கோர்ட்டிலும் எழுதாத சட்டம். எண்பத்தாறில் அந்த ரோட்டை நான் பிடித்தபோது எதிரே முப்பத்தேழு பேர். கையில் ஜாக்கி ராடு ஒன்று. நான் விட்ட முதல் அடியில் ஒருத்தனுக்குப் பல்லோடு சேர்ந்து அப்பன் பேரும் போய்விட்டது. இன்னொருத்தன் கேரளா எல்லை தாண்டித்தான் மூச்சுவிட்டான், இப்போது மலையாளம் தவிர வேறு பேசுவதில்லை. ஒருத்தன் காதைக் கடித்துத் துப்பினேன். அது விழுந்த தேயிலைச் செடிக்கு இன்றைக்கும் நாம் பேசுவது கேட்கும், பக்கத்தில் நின்று ரகசியம் பேசாதே. கடைசியில் காட்டானை ஒன்று குட்டியைத் தள்ளிக்கொண்டு எனக்கு வழிவிட்டது.

தாய்மாமன் சீராக அந்த ரோட்டை உனக்கு எழுதி வைத்தேன். நடத்து.

ஆசீர்வாதங்களுடன்,
டக்ளஸ் மாமா


கோயமுத்தூர்,
11-7-1999

அன்புள்ள மாமாவுக்கு,

தபித்தாள் எழுதுவது. உங்கள் கடிதத்தை ரூமில் சத்தமாகப் படித்தோம், பக்கத்து ரூம் பெண்கள் எல்லாம் ஓடி வந்துவிட்டார்கள். வெலிங்டனுக்கு ஃபோன் போட்டு அம்மாவிடம் சொன்னேன். "உங்க மாமன் சொல்றதுல பாதியைக் கழிச்சுக்கோ, மீதியையும் நம்பாதே" என்றார்கள்.

பன்னிரண்டு விவசாயிகள் சம்மதித்திருக்கிறார்கள். சாக்கில் அமுக்கி அடைத்தால் இலை சூடேறிச் சிவந்துவிடுகிறது, ஃபேக்டரியில் அதைச் சொல்லித்தான் விலை குறைக்கிறார்கள். நான் வலைப் பையில் தளர்வாகக் கட்டி, பறித்த மூணு மணி நேரத்தில் கொண்டுபோய் இறக்கப் போகிறேன். ஜீப் வேலன் அண்ணனுடையது. அவருக்கும் அங்கே ஒரு ஏக்கர் தேயிலை இருக்கிறது.

ஆனால் அவர் பயப்படுகிறார் மாமா. "அம்மிணி, அது சுடலைமுத்து லைனுங்க, அந்த ஆளு தேயிலைச் செடியை வெட்டற மாதிரி மனுசனைக் கவாத்துப் பண்ணீருவானுங்க" என்கிறார். நீங்கள் உங்கள் ரோடு என்கிறீர்கள். எது நிஜம்? 26-ம் தேதி திங்கட்கிழமை முதல் லோடு ஏற்றலாமா? விளையாடாமல் எழுதுங்கள், ப்ளீஸ்.

அன்பு மருமகள்,
தபித்தாள்


சேரம்பாடி,
17-7-1999

வீராங்கனை தபித்தாளுக்கு,

சுடலைமுத்து! அந்தப் பெயரை எழுதும்போது என் பேனா கொட்டாவி விடுகிறது. ரோடு என்னுடையது, அவன் என் தயவில் ஓட்டுகிறான். நேற்று ஆள் அனுப்பிக் கூப்பிட்டேன். வந்து என் காலில் விழுந்து கண்ணீராலேயே பூட்ஸைக் கழுவினான், பாலிஷ் செலவு மிச்சம். "உங்க மருமக வண்டி தாராளமாப் போகட்டுமுங்க, நான் வேணும்னா முன்னாடி ரோட்டைக் கூட்டி வைக்கிறேன்" என்றான்.

26-ம் தேதி முதல் லோடு ஏற்று. மூணாவது வளைவில் நானே ரோமாபுரித் தளபதி மாதிரி நிற்பேன். வேலனுக்குச் சந்தேகம் இருந்தால் இந்தக் கடிதத்தைக் காட்டு. டக்ளஸ் எழுத்தில் கொடுத்துவிட்டான் என்று சொல்.

ஜெயம் உனதே,
டக்ளஸ் மாமா


கூடலூர்,
29-7-1999

மாமா,

மூணாவது வளைவில் நீங்கள் இல்லை. ஒரு லாரி குறுக்கே நின்றது. மழையில் ஆறு பேர் இறங்கி வந்தார்கள், முன்னால் சுடலைமுத்து.

ஒருத்தன் ஜீப் கண்ணாடியை உடைத்தான். இரண்டு பேர் வலைப் பைகளைக் கிழித்து இலையைப் பள்ளத்தில் கொட்டினார்கள். வேலன் அண்ணன் இறங்கி, சட்டைப் பையிலிருந்து உங்கள் கடிதத்தை எடுத்து நீட்டினார். "டக்ளஸண்ணன் எழுதிக் குடுத்திருக்காருங்க, நீங்க சரின்னு சொன்னீங்களாமுங்க" என்றார். சுடலைமுத்து அதைப் படிக்கவில்லை. நீட்டின கையைப் பிடித்து பானெட் மேல் வைத்து அழுத்தினான். கவாத்துக் கத்தி.

மூணு விரல். வலது கை.

நான் கத்தினேனா என்று தெரியவில்லை. முட்டிபோட்டுச் சேற்றில் தடவித் தேடினது மட்டும் ஞாபகம் இருக்கிறது. இரண்டுதான் கிடைத்தது. ஆஸ்பத்திரியில் ஒட்ட வைக்க முடியாது என்றுவிட்டார்கள்.

அதற்குள் சுடலைமுத்து ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்திருக்கிறான், வேலன் தன் லைனில் இலை திருட வந்தான் என்று. கட்டுப் பிரித்ததும் அண்ணனைக் கைது செய்வார்களாம். ஓரம் ரத்தத்தில் ஒட்டிப்போன உங்கள் கடிதத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். எஸ்.ஐ. வாய்விட்டுப் படித்தார். பூட்ஸ் கழுவின இடத்தில் மேஜையைத் தட்டிச் சிரித்தார். "இதை வெச்சு என்னம்மா பண்றது? எழுதின ஆளு நேர்ல வந்து சொல்லட்டும்" என்றார்.

வேலன் அண்ணன் சம்சாரம் வீரம்மா அக்கா என்னைப் பார்த்து ஒன்று சொன்னார்கள். "உங்க மாமன் சுடலைமுத்துகிட்ட எடை போடற ஆளு. அவரே எழுதிக் குடுத்தா நாங்க நம்பாம என்ன பண்றது?"

நீங்கள் யாரிடம் வேலை பார்க்கிறீர்கள் மாமா?

தபித்தாள்


சேரம்பாடி,
3-8-1999

தபித்தாவுக்கு,

சக்கரவர்த்தி என்று ஆரம்பித்து நாலு தாள் எழுதினேன். நாலையும் அடுப்பில் போட்டுவிட்டேன்.

எண்பத்தாறில் முப்பத்தேழு பேர் இல்லை. ஒருத்தர். சுவிசேஷமுத்து என்று பேர், அறுபது வயசு. முதுகுப் பக்கமாகப் போய் ஜாக்கி ராடால் அடித்தேன். சாகும்வரை அவர் நிமிர்ந்து நடக்கவில்லை. அப்படித்தான் ரோடு எனக்கு வந்தது.

தொண்ணூத்தொண்ணில் சுடலைமுத்து வந்தான். எடை போடும் ஷெட் முன்னால், இலை கொண்டுவந்த பெண்கள் பார்க்க, என் வேட்டியை உருவி, முதுகில் ஈரச் சாக்கை ஏற்றி, முழங்காலில் நடக்க வைத்தான். அடுத்த வாரமே அவனிடம் எடை போடச் சேர்ந்துவிட்டேன். எட்டு வருஷம் ஆகிறது. உன் அம்மாவுக்குத் தெரியாது.

உனக்கு எழுதும்போது மட்டும் அந்த ரோடு என்னுடையதாக இருந்தது.

26-ம் தேதி அவன் சுல்தான் பத்தேரியில் ஒரு கல்யாணத்துக்குப் போவதாக இருந்தான். ஒரு லோடு தப்பித்துப் போய்விடும், நீ சந்தோஷமாகக் கோயமுத்தூர் திரும்பிவிடுவாய் என்று நினைத்தேன். முந்தின நாள் மண் சரிந்து பத்தேரி ரோடு அடைத்துவிட்டது. அவன் போகவில்லை. உனக்கு ஃபோன் செய்ய எஸ்.டி.டி. பூத் வாசல் வரை போனேன். என்ன சொல்வது என்று தெரியாமல் திரும்பி வந்துவிட்டேன்.

அந்த லாரியில் நானும் இருந்தேன் தபித்தா. இறங்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு தராசைப் பிடித்திருந்தேன். கத்தி இறங்கினதும் நீ சேற்றில் தேடினதும் எனக்குத் தெரிந்தது.

டக்ளஸ்


கூடலூர்,
7-8-1999

மாமா,

படித்தேன். வேலன் அண்ணனிடம் காட்டவில்லை. அவர் இடது கையால் சாப்பிடப் பழகிக்கொண்டிருக்கிறார், சோறு பாதி கீழே விழுகிறது.

இந்தக் கடிதத்தையும் நான் ஸ்டேஷனில் கொடுக்கலாம். கொடுக்க மாட்டேன். நீங்கள் போகவேண்டும். உங்கள் வாயால் சொல்லவேண்டும். அதுவரை எனக்கு எழுதவேண்டாம்.

தபித்தாள்


கூடலூர் ஆஸ்பத்திரி,
22-8-1999

தபித்தாவுக்கு,

பக்கத்துக் கட்டில்காரர் மகள் கையால் எழுத வைக்கிறேன், என் வலது கை கழுத்தில் கட்டின தொட்டிலில் தொங்குகிறது.

பன்னிரண்டாம் தேதி ஸ்டேஷன் போனேன். கடிதம் எழுதினது நான், சுடலைமுத்து சம்மதித்தான் என்பது பொய், வேலன் அதை நம்பித்தான் வந்தான், அவன் திருடன் இல்லை, கத்தி இறங்கினதைக் கண்ணால் பார்த்தேன் என்றேன். எஸ்.ஐ. "யானை கீனை ஏதாச்சும் வந்துச்சாய்யா?" என்றார். "இல்லீங்க" என்றேன். எழுதிக்கொண்டு கையெழுத்து வாங்கினார்.

மறுநாள் காலையில் சுடலைமுத்து ஆட்கள் பஜாரில் பிடித்தார்கள். முட்டி இரண்டும், வலது முழங்கையும். அடித்தவன் பழக்கமான பையன், தினமும் எனக்கு டீ வாங்கி வருகிறவன். "மன்னிச்சுக்குங்கண்ணா" என்று சொல்லிச் சொல்லி அடித்தான். நான் மூத்திரம் போய்விட்டேன். பேக்கரி ஷட்டரை இழுத்துவிட்டார்கள். காலை முறித்த சத்தம் எனக்கே கேட்டது.

மேலே இருப்பது எல்லாம் நடந்தது. ஒன்றும் சேர்க்கவில்லை. ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போ கண்ணு.

மாமா


கோயமுத்தூர்,
5-9-1999

மாமாவுக்கு,

வேலன் அண்ணன் மேல் போட்ட திருட்டுக் கேஸை எடுத்துவிட்டார்கள். சுடலைமுத்துவைப் பிடித்திருக்கிறார்கள். உங்கள் வாக்குமூலம் இல்லாவிட்டால் இது நடந்திருக்காது. அதற்கு நன்றி.

தொழிலில் நீ கற்றுக்கொண்டது என்ன என்று ஜானகி மேடம் எழுதச் சொன்னார்கள். வலைப் பை, வண்டி வாடகை எல்லாம் முதலில் எழுதினேன், பிறகு கோடு போட்டு அடித்துவிட்டேன். பயந்தவர் ஒருத்தர் சரியாகத்தான் சொன்னார், நான் அவரை விட்டுவிட்டு, ஆமாம் என்று சொல்கிறவரிடம் போய்க் கேட்டேன், விரல் போனது என்னுடையது இல்லை என்று எழுதினேன். மேடம் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள்.

நேற்று உங்களைப் பார்க்க வந்தேன். வேலன் அண்ணனும் வந்தார். அவர்தான் "பாத்துட்டு வரலாமுங்க அம்மிணி, பாவம், நமக்காகத்தானே அடி வாங்கினாரு" என்றார். ஆரஞ்சு வாங்கினதும் அவர்தான்.

வார்டு வாசலிலேயே உங்கள் குரல் கேட்டது. நிமிர்ந்து உட்கார்ந்து பக்கத்துக் கட்டில்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். ரோட்டில் அறுபது பேர், நீங்கள் லாரியிலிருந்து புலி மாதிரி பாய்ந்தீர்கள். "அப்ப வேலன் விரல் மூணும் பானெட் மேல தவளைக்குஞ்சு மாதிரி தத்தித் தத்திக் குதிக்குதுங்க, ஒண்ணு என் பையிலயே வந்து விழுந்துது!" வார்டே சிரித்தது. ஊசி போட வந்த நர்ஸ்கூடச் சிரித்தாள்.

வேலன் அண்ணன் கட்டுப்போட்ட கையைத் துண்டுக்குள் விட்டுக்கொண்டார். ஆரஞ்சுப் பையை வாசல் பெஞ்சில் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தார். நானும் அவர் பின்னாலேயே வந்துவிட்டேன்.

அடுத்த திங்கட்கிழமை மறுபடி லோடு ஏற்றுகிறோம். பன்னிரண்டு பேரில் நாலு பேர்தான் மிச்சம். ஜீப்பை வேலன் அண்ணனின் மச்சான் ஓட்டுகிறார், அண்ணன் பக்கத்தில் உட்காருகிறார்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அம்மா வருவார்கள், நான் வரமாட்டேன். எனக்கு இனிமேல் எழுதாதீர்கள்.

தபித்தாள்